பிக்கப்பின் உயரத்தை வீட்டிலேயே குறைப்பது எப்படி: முழுமையான வழிகாட்டி

பிக்கப்பைத் தாழ்த்துவது பெரிய வித்தை இல்லை. ஸ்பேனர் பிடித்துப் பழகியவர் ஒருவர், கூடமாட உதவ இன்னொருவர், நல்ல ஜாக்கி இரண்டு, நாலு ஸ்டாண்ட் இவ்வளவு இருந்தால் ஒரு வார இறுதியில் முடிகிற வேலைதான். அப்படியிருந்தும் தாழ்த்திய வண்டிகள் பலவும் ஒரு சின்னக் குழியில் இறங்கினாலே டமால் என்று முதுகெலும்பில் அடிக்கின்றன. காரணம் ஒன்றுதான்: எவ்வளவு இறக்கலாம் என்று கணக்குப் போடுகிறவர்கள், இறக்கிய பிறகு சக்கரம் மேலே ஏற எவ்வளவு இடம் மிச்சம் இருக்கும் என்று பார்ப்பதில்லை. வண்டி நிற்கும்போது அழகாக இருந்தால் போதும் என்றால் ஒரு நாளில் முடிக்கலாம், ஓடும்போதும் நன்றாக இருக்க வேண்டும் என்றால் அந்த மிச்ச இடத்தைக் கண்ணும் கருத்துமாகக் காப்பாற்ற வேண்டும். கீழே வரும் ஒவ்வொரு கட்டத்திலும் அதைத்தான் திரும்பத் திரும்பப் பார்க்கப் போகிறோம்.

இங்கே பேசுவது பின்சக்கரம் இழுக்கிற, பின்னால் லீஃப் ஸ்பிரிங்கும் (அடுக்கிய எஃகுப் பட்டைகள்) ஒரே துண்டு ஆக்ஸிலும் (இரு சக்கரத்தையும் இணைக்கும் அச்சு) இருக்கிற, முன்னால் காயில் ஸ்பிரிங்கோ (சுருள் வில்) டார்ஷன் பாரோ (முறுக்கத்தால் வில்லாக வேலை செய்யும் எஃகுத் தண்டு) இருக்கிற வழக்கமான பிக்கப்பைப் பற்றி. நான்கு சக்கரமும் இழுக்கிற வண்டி என்றால் முன் ஆக்ஸில் ஷாஃப்ட்டின் கோணமும் சேர்ந்துகொள்ளும், அது தனிக் கதை. இன்னொன்று, சஸ்பென்ஷனை மாற்றினால் பல இடங்களில் பதிவு அலுவலகத்துக்கும் இன்சூரன்ஸ் நிறுவனத்துக்கும் சொல்ல வேண்டியிருக்கும். உங்கள் ஊர் விதி என்ன என்பதைப் பாகம் வாங்குவதற்கு முன்பே கேட்டுக்கொள்ளுங்கள், போல்ட் இறுக்கிய பிறகு கேட்டுப் பயனில்லை.

முதலில் டேப்பை எடுங்கள்

சமதளத்தில் வண்டியை நிறுத்துங்கள், டயர் காற்று சரியாக இருக்கட்டும், தொட்டியில் பாதி எரிபொருளாவது இருக்கட்டும், பெட்டியில் எப்போதும் சுமக்கிற கருவிப்பெட்டி ஏதாவது இருந்தால் அதுவும் இருக்கட்டும். தரையிலிருந்து மட்கார்டு வரை அளக்க வேண்டாம், டயர் தேய்மானமும் காற்றும் அந்த அளவைக் குழப்பிவிடும். சக்கரத்தின் நடு மையத்திலிருந்து நேர் மேலே மட்கார்டு விளிம்பு வரை அளந்து நான்கு பக்கத்தையும் தனித்தனியாக எழுதிக்கொள்ளுங்கள். இடது வலது கொஞ்சம் வித்தியாசம் வருவது சாதாரணம், பழைய வண்டியில் ஓட்டுநர் பக்கம் சற்றுத் தாழ்ந்திருக்கும்.

அடுத்ததுதான் முக்கியமான அளவு. பின்பக்கம் குனிந்து பார்த்தால் ஆக்ஸிலுக்கு நேர் மேலே சேசிஸில் ஒரு ரப்பர் கட்டை தொங்கும், அதுதான் பம்ப் ஸ்டாப். அதன் நுனிக்கும் ஆக்ஸிலுக்கும் நடுவில் எவ்வளவு இடைவெளி என்று அளந்து எழுதுங்கள். அந்த இடைவெளி 5 அங்குலம் என்றால், 4 அங்குலம் இறக்கிவிட்டு எதையும் மாற்றாமல் விட்டால் உங்களுக்கு மிஞ்சுவது ஒரே ஒரு அங்குலம். வெறும் பெட்டியோடு போனாலும் ஒவ்வொரு மேட்டிலும் ரப்பரில் இடிக்கும். பாரம் ஏற்றினால் ரப்பர்மேல் உட்கார்ந்தே ஓடும், அந்த அடி முழுவதும் நேராகச் சேசிஸுக்குப் போகும்.

முன்பக்கம் அளக்கும்போது ஒரு சூட்சுமம் இருக்கிறது. அங்கே பம்ப் ஸ்டாப் சக்கரத்துக்கு நேராக இருக்காது, லோயர் ஆர்மின் (சக்கரத்தைச் சேசிஸோடு இணைக்கும் கீழ்க் கை) நடுவில் எங்கேயோ இருக்கும். ஆர்மின் பாதித் தூரத்தில் ஸ்டாப் இருந்தால், அங்கே ஒரு அங்குல இடைவெளி என்பது சக்கரத்தில் சுமார் 2 அங்குல அசைவு. ஆகவே ரப்பர் பக்கத்தில் இருப்பதைப் பார்த்ததும் பதற வேண்டாம், கணக்குப் போட்டுப் பாருங்கள்.

பெரும்பாலான பிக்கப்களில் பின்பக்கம் முன்பக்கத்தைவிடத் தூக்கலாக இருக்கும். பாரம் ஏற்றினால் மட்டமாக வரட்டும் என்று நிறுவனமே அப்படி வைத்திருக்கிறது. அதனால்தான் தாழ்த்துகிறவர்கள் 2க்கு 4 என்று பேசுகிறார்கள், முன்னால் 2 அங்குலம், பின்னால் 4 அங்குலம் என்று அர்த்தம். தினமும் ஓட்டுகிற, எப்போதாவது பாரமும் ஏற்றுகிற வண்டிக்கு 2க்கு 3 போதும் என்பது என் கருத்து. பார்வைக்கு நல்ல வித்தியாசம் தெரியும், சேசிஸை வெட்டவும் வேண்டியிருக்காது.

எதை மாற்றினால் எவ்வளவு

முன்பக்கத்துக்கு மூன்று வழி. ஒன்று, உயரம் குறைந்த காயில் ஸ்பிரிங். விலை குறைவு, 1 முதல் 3 அங்குலம் வரை கிடைக்கும், ஆனால் இறங்குகிற ஒவ்வொரு அங்குலமும் பம்ப் ஸ்டாப் இடைவெளியிலிருந்துதான் கழிகிறது, அதை ஈடுகட்டத்தான் இந்த ஸ்பிரிங்குகளைக் கொஞ்சம் விறைப்பாகச் செய்கிறார்கள். இரண்டு, டிராப் ஸ்பிண்டில். சக்கரம் மாட்டுகிற அச்சை நக்கிளில் (சக்கரத்தை ஆர்மோடு இணைக்கும் இரும்புப் பாகம்) 2 அங்குலமோ 3 அங்குலமோ மேலே தள்ளி வைத்துச் செய்த பாகம் இது. இதில் ஸ்பிரிங்கும் ஆர்மும் இருந்த இடத்திலேயே இருக்கும், வண்டி மட்டும் இறங்கும். பம்ப் ஸ்டாப் இடைவெளியில் ஒரு மில்லிமீட்டர்கூடக் குறையாது என்பதால் கைச்செலவு கூடினாலும் நான் சொல்வது இதைத்தான். ஆனால் ஆர்மின் முனையும் டை ராடும் (ஸ்டியரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் தண்டு) ரிம்முக்குப் பக்கத்தில் வந்துவிடும், எந்த அளவு ரிம் வரை ஒத்துவரும் என்று வாங்கும்போதே கேளுங்கள். மூன்றாவது, டார்ஷன் பார் இருக்கிற வண்டிகளில் அட்ஜஸ்டிங் போல்ட்டைத் தளர்த்துவது. செலவே இல்லை. ஆனால் ஒன்று ஒன்றரை அங்குலத்துக்கு மேல் போனால் ஆர்ம் ரப்பரில் உட்கார்ந்துவிடும்.

இருக்கிற காயிலை அறுத்துவிடலாமே என்று யாராவது சொல்வார்கள். ஒரு சுற்று அறுத்தால் ஸ்பிரிங் குட்டையாவதோடு விறைப்பும் ஏறும், அது சரிதான். ஆனால் நுனி தட்டையாக வளைத்த ஸ்பிரிங்கை அறுத்தால் அது இருக்கையில் சரியாக உட்காராது. கேஸ் வெல்டிங் தீயில் காட்டிச் சுருக்குவது இன்னும் மோசம், சூடு பட்ட இடத்தில் எஃகின் பதம் போய்விடும், ஓடும்போது அங்கேதான் உடையும். அந்தப் பக்கமே போகாதீர்கள்.

பின்பக்கத்தில் எந்த வழி என்பதை உங்கள் ஆக்ஸில் எங்கே இருக்கிறது என்பதே முடிவு செய்யும். குனிந்து பாருங்கள். ஆக்ஸில் லீஃப் ஸ்பிரிங்குக்கு மேலே உட்கார்ந்திருந்தால், நடுவில் ஒரு பிளாக் வைத்தால் வண்டி இறங்கும். ஆக்ஸில் ஸ்பிரிங்குக்குக் கீழே இருந்தால் அதே பிளாக் வண்டியைத் தூக்கிவிடும். அந்த மாதிரி வண்டியில் ஒன்று ஷேக்கிலையும் (ஸ்பிரிங்கின் ஒரு முனையைச் சேசிஸோடு இணைக்கும் ஆடும் இணைப்பு) ஹேங்கரையும் (ஸ்பிரிங்கின் முனையைத் தாங்கச் சேசிஸில் பொருத்திய பிராக்கெட்) மாற்ற வேண்டும், இல்லையென்றால் ஆக்ஸிலை ஸ்பிரிங்குக்கு மேலே கொண்டுபோகிற ஃபிளிப் கிட் போட வேண்டும். ஃபிளிப் செய்தால் ஒரேயடியாக 5, 6 அங்குலம் இறங்கும், ஆக்ஸில் சேசிஸில் இடிக்கும், அதற்காகச் சேசிஸில் வளைவாக ஒரு துண்டு வெட்டி எடுத்துவிட்டு அதைச் சுற்றிக் கனமான தகட்டால் பலப்படுத்த வேண்டும். இதை சி நாட்ச் என்பார்கள்.

ஷேக்கிலிலும் இரண்டு வகை உண்டு, இதைக் கவனிக்காமல் பாகம் வாங்கித் திருப்பி அனுப்புகிறவர்கள் நிறைய. சேசிஸில் மாட்டிய போல்ட் கீழேயும் ஸ்பிரிங்கின் கண் மேலேயும் இருந்தால் ஷேக்கில் இழுவிசையில் இருக்கிறது, அதை நீளமாக்கினால் வண்டி இறங்கும். சேசிஸ் போல்ட் மேலேயும் கண் கீழேயும் இருந்தால் அது அழுத்தத்தில் இருக்கிறது, நீளமாக்கினால் வண்டி ஏறும். இரண்டிலும் ஆக்ஸில் ஸ்பிரிங்கின் நடுப்பக்கம் இருப்பதால், ஷேக்கில் நீளத்தில் 2 அங்குலம் மாறினால் வண்டி உயரத்தில் மாறுவது சுமார் 1 அங்குலம்தான்.

லீஃப் ஸ்பிரிங்கின் பட்டைகளில் ஒன்றை உருவிவிட்டால் இறங்குமே என்றால், இறங்கும், பாரம் தாங்கும் சக்தியும் சேர்ந்து இறங்கும். பிக்கப் வாங்கியதே பாரம் ஏற்றத்தான் என்றால் பட்டையில் கை வைக்காதீர்கள்.

கருவியும் பாதுகாப்பும்

வண்டியின் எடையைத் தாங்குகிற ஸ்டாண்ட் நான்கு, ஹைட்ராலிக் ஜாக்கி இரண்டு, டார்க் ரிஞ்ச் (போல்ட்டை எவ்வளவு இறுக்குகிறோம் என்று காட்டும் ஸ்பேனர்), சாக்கெட் செட், இரண்டு கிலோ சுத்தியல், பால் ஜாயிண்ட் (ஆர்மையும் நக்கிளையும் இணைக்கும் உருண்டை மூட்டு) கழற்றுகிற புல்லர், கனமான இரும்புச் சங்கிலி ஒன்று, கோணம் அளக்கிற கருவி, துரு இளக்கும் எண்ணெய், சக்கரத்துக்கு முட்டுக்கட்டை. உங்கள் வண்டிக்கான சர்வீஸ் கையேடு கட்டாயம் வேண்டும், எந்த போல்ட்டுக்கு எவ்வளவு டார்க் என்பது அதில்தான் இருக்கிறது. இந்த எண்களை யாரும் வாய்மொழியாகச் சொல்லி நம்ப வேண்டாம்.

தரை கான்கிரீட்டாக இருக்கட்டும். தார் போட்ட தரையில் வெயில் ஏறினால் ஸ்டாண்டின் கால் அமுங்கும். ஜாக்கியை மட்டும் நம்பிக் கீழே போகவே கூடாது, ஒரு நிமிட வேலைக்குக்கூட. சீல் போனால் ஜாக்கி முன்கூட்டிச் சொல்லிவிட்டு இறங்காது. ஸ்டாண்டில் வைத்த பிறகு வண்டியை இரண்டு கையாலும் பலமாக ஆட்டிப் பாருங்கள், விழுவதாக இருந்தால் நீங்கள் வெளியே நிற்கும்போதே விழட்டும். வேலைக்கு முந்தைய நாள் சாயங்காலமே யு போல்ட் (ஆக்ஸிலை ஸ்பிரிங்கோடு கட்டும் U வடிவ போல்ட்), ஷேக்கில் போல்ட், ஷாக் (ஸ்பிரிங்கின் ஆட்டத்தை அடக்கும் குழாய்) போல்ட் எல்லாவற்றிலும் துரு எண்ணெய் அடித்து ஊறவிடுங்கள்.

பின்பக்கத்தில் தொடங்குங்கள்

பின்பக்க வேலை எளிது, அபாயமும் குறைவு, அதனால் கை பழக இதுவே நல்ல இடம். முன்சக்கரங்களுக்கு முட்டு வைத்து, பின்சக்கர நட்டுகளைத் தரையில் இருக்கும்போதே சற்றுத் தளர்த்தி, பின்பக்கத்தைத் தூக்கிச் சேசிஸில் ஸ்டாண்ட் கொடுங்கள். ஜாக்கியை ஆக்ஸிலின் அடியில் வைத்து அதன் எடையைத் தாங்கிக்கொள்ளட்டும். சக்கரத்தையும் ஷாக்கையும் கழற்றுங்கள். பிரேக் ஹோஸ், ஹேண்ட் பிரேக் கேபிள், ஏபிஎஸ் கம்பி இவை இழுபடாமல் இருக்கின்றனவா என்று ஆக்ஸிலை அசைக்கும் ஒவ்வொரு முறையும் பாருங்கள்.

பிளாக் போடுகிறீர்கள் என்றால்: ஒரு பக்கத்து யு போல்ட்டை மட்டும் கழற்றுங்கள், மறுபக்கத்தைத் தளர்த்தி மட்டும் வையுங்கள், இரண்டையும் ஒரே நேரத்தில் கழற்றினால் ஆக்ஸில் உருண்டு நழுவும். அடித்தட்டை எடுத்ததும் ஸ்பிரிங்கின் நடு போல்ட்டின் தலை, ஆக்ஸிலின் குழியில் உட்கார்ந்திருப்பது தெரியும். ஜாக்கியால் ஆக்ஸிலை மெதுவாக உயர்த்தி, நடுவில் பிளாக்கை நுழையுங்கள். பிளாக்கின் ஒரு முகத்தில் குழியும் மறுமுகத்தில் முளையும் இருக்கும், நடு போல்ட்டின் தலை குழியிலும், முளை ஆக்ஸில் இருக்கையிலும் விரலால் தடவிப் பார்த்தால் தெரியும்படி முழுசாக உட்கார வேண்டும். இந்த ஒரு முளைதான் ஆக்ஸில் முன்னே பின்னே நகராமல் பிடிக்கிறது, அரைகுறையாக உட்கார்ந்தால் பின்சக்கரம் கோணலாகிவிடும். ஒரு பிளாக்மேல் இன்னொரு பிளாக் அடுக்குவது எந்தக் காரணத்துக்கும் கூடாது.

யு போல்ட் புதிதாகத்தான் போட வேண்டும். பழையது ஒரு முறை இழுபட்டு நீண்டிருக்கும், மறையும் துருவேறியிருக்கும், அதில் காட்டுகிற டார்க் பொய்க் கணக்கு. நான்கு நட்டையும் குறுக்கு மறுக்காகக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கி, நான்கு கால்களிலும் நட்டுக்கு வெளியே தெரிகிற மறை ஒரே அளவாக இருக்கிறதா என்று பாருங்கள்.

ஷேக்கில் மாற்றுவது என்றால் ஆக்ஸிலை ஜாக்கியால் தாங்கி ஸ்பிரிங்கின் இழுப்பு போன பிறகே போல்ட்டை உருவுங்கள். பழைய வண்டியில் போல்ட், புஷ்ஷின் (போல்ட்டைச் சுற்றியுள்ள ரப்பர் உறை) உள்ளே இருக்கும் இரும்புக் குழாயோடு துருப்பிடித்து ஒட்டிக்கொண்டிருக்கும், சுத்தியலால் அடித்து மறையைக் கெடுப்பதைவிட அறுத்துவிட்டுப் புதுப் போல்ட்டும் புதுப் புஷ்ஷும் போடுவது வேகம். ஹேங்கரை ரிவெட் அடித்துப் பொருத்தியிருந்தால் தலையைக் கிரைண்டரில் தேய்த்து, நடுவில் துளையிட்டு, பஞ்ச் வைத்து வெளியே தள்ள வேண்டும். அரைநாள் பிடிக்கும். அந்தத் துளைகளில் 10.9 தரத்துக்குக் குறையாத போல்ட்டைப் போடுங்கள்.

சி நாட்ச் வேலையை நான் வீட்டு வேலையில் சேர்க்க மாட்டேன். செய்தே தீருவேன் என்றால் இவ்வளவாவது: ஒரு நேரத்தில் ஒரு பக்கம் மட்டும், வெட்டும் இடத்துக்கு முன்னும் பின்னும் சேசிஸுக்கு முட்டு, பேட்டரி இணைப்பு கழற்றியிருக்க வேண்டும், எரிபொருள் குழாயும் பிரேக் குழாயும் அந்தப் பக்கமே இருக்கக் கூடாது, வெட்டு வளைவாக இருக்க வேண்டும். கூர்மூலை விட்டால் விரிசல் அங்கிருந்துதான் கிளம்பும். வெல்டிங் என்றால் அதற்கென்றே பயிற்சி பெற்றவரிடம் கொடுங்கள்.

முன்பக்கம்: இங்கேதான் நிதானம் வேண்டும்

அழுத்தப்பட்ட காயில் ஸ்பிரிங்கில் அடங்கியிருக்கிற சக்தி ஒரு ஆளைக் கொல்லப் போதும். அதற்காகப் பயந்து ஒதுங்க வேண்டியதில்லை, வரிசை மாறாமல் செய்தால் போதும்.

பின்சக்கரங்களுக்கு முட்டு, ஹேண்ட் பிரேக், சேசிஸின் இரண்டு பக்கமும் ஸ்டாண்ட். சக்கரத்தைக் கழற்றி, பிரேக் காலிப்பரைக் கழற்றிக் கம்பியால் மேலே கட்டித் தொங்கவிடுங்கள், ஹோஸில் தொங்கினால் ஹோஸ் உள்ளுக்குள் கிழியும். ஏபிஎஸ் கம்பியின் கிளிப், ஸ்டெபிலைசர் லிங்க், டை ராட் முனை, ஷாக், இந்த வரிசையில் கழற்றுங்கள்.

இப்போது ஜாக்கியை லோயர் ஆர்மின் அடியில், பால் ஜாயிண்டுக்குப் பக்கமாக வைத்துச் சற்று உயர்த்துங்கள். சங்கிலியை ஸ்பிரிங்கின் உள்ளே நுழைத்துச் சேசிஸோடு சுற்றிப் பூட்டுங்கள், ஏதாவது நழுவினாலும் ஸ்பிரிங் வெளியே பாயாது. பால் ஜாயிண்டின் ஸ்பிளிட் பின்னை எடுத்து, நட்டைத் தளர்த்துங்கள், ஆனால் முழுக்கக் கழற்றாமல் நாலைந்து மறையில் விட்டுவையுங்கள். அப்புறம் புல்லர் போட்டு இழுங்கள், அல்லது பால் ஜாயிண்ட் நுழைகிற நக்கிளின் பக்கவாட்டில் சுத்தியலால் பலமாக ஒரு அடி. டக்கென்று கூம்பு விடுபடும் சத்தம் தெளிவாகக் கேட்கும், நட்டு இருப்பதால் எதுவும் விழாது. ஜாக்கியைச் சற்று ஏற்றி நட்டின் மேல் உள்ள பளுவை எடுத்துவிட்டு, நட்டைக் கழற்றி, ஜாக்கியை மெதுவாக, நிறுத்தி நிறுத்தி இறக்குங்கள். ஸ்பிரிங் நீண்டு தளர்ந்ததும் கையாலேயே எடுக்கலாம். உடம்பை ஸ்பிரிங்குக்கு நேராக வைக்காதீர்கள், ஒருபோதும்.

புது ஸ்பிரிங்கைப் போடும்போது மேலே உள்ள ரப்பர் வளையத்தைப் பழையதிலிருந்து எடுத்து, வெடித்திருந்தால் மாற்றி, கீழ்நுனி லோயர் ஆர்மில் உள்ள பள்ளத்தின் முடிவில் போய் முட்டும்படி திருப்பி வையுங்கள். நுனி பள்ளத்துக்கு வெளியே உட்கார்ந்தால் ஒரு பக்கம் அரை அங்குலம் உயர்ந்து நிற்கும், ஏன் என்று தெரியாமல் ஒரு நாள் முழுக்கத் தேட வேண்டியிருக்கும். ஆர்மை ஜாக்கியால் ஏற்றி, பால் ஜாயிண்டை நுழைத்து, நட்டைக் குறிப்பிட்ட டார்க்குக்கு இறுக்குங்கள். ஸ்பிளிட் பின் துளை நேராக வரவில்லை என்றால் நட்டை இன்னும் கொஞ்சம் இறுக்கி நேராக்குங்கள், தளர்த்தி நேராக்கக் கூடாது. பின்னும் புதிதாகத்தான் போட வேண்டும்.

டிராப் ஸ்பிண்டில் என்றால் மேல் பால் ஜாயிண்டையும் இதே முறையில் விடுவித்து, டிஸ்க்கும் பேரிங்கும் புது ஸ்பிண்டிலுக்கு மாற்ற வேண்டும். ஆர்மின் அடியில் ஜாக்கி வேலை முடியும்வரை இருக்கட்டும், ஏனென்றால் ஸ்பிரிங் உள்ளேயே அழுத்தத்தில் இருக்கிறது. பேரிங்கில் பழைய கிரீஸை முழுக்கத் துடைத்துப் புதிதாக நிரப்ப இதுவே நல்ல சமயம். ஷாக்கும் ஸ்பிரிங்கும் ஒன்றாக இருக்கிற ஸ்டிரட் வகை என்றால், நடு நட்டைக் கம்ப்ரசர் (ஸ்பிரிங்கை அழுத்திப் பிடிக்கும் கருவி) போடாமல் தொடவே கூடாது. கை கம்ப்ரசரைவிடப் பட்டறையில் சுவரோடு பொருத்திய பிரஸ்ஸில் கொடுத்து ஸ்பிரிங்கை மட்டும் மாற்றி வாங்கிவருவது உத்தமம்.

டார்ஷன் பார் வண்டியில் வேலை சுலபம். அட்ஜஸ்டிங் போல்ட்டின் மறை எவ்வளவு வெளியே தெரிகிறது என்று இரண்டு பக்கமும் அளந்து எழுதுங்கள், முன்பக்கத்தைத் தூக்கிச் சக்கரங்கள் தொங்கும்படி விடுங்கள், பாரின் மேல் உள்ள பளு பெரும்பாலும் போய்விடும். இரண்டு பக்கமும் ஒரே எண்ணிக்கையில் சுற்றுகளைத் தளர்த்தி, இறக்கி, வண்டியை நாலடி முன்னும் பின்னும் உருட்டிவிட்டு அளந்து பாருங்கள். கீயையே (பாரின் முனையில் அட்ஜஸ்டிங் போல்ட் அழுத்துகிற பாகம்) மாற்றுவது என்றால் அதற்கென்று உள்ள அன்லோடிங் கருவி வேண்டும், சாதாரண சி கிளாம்ப் அதைத் தாங்காது. பார்களில் இடது வலது குறியிருக்கும், மாற்றிப் போடாதீர்கள்.

எல்லோரும் விட்டுவிடுகிற ஒன்று: ரப்பர் புஷ் உள்ள போல்ட்டுகளை, அதாவது ஆர்மின் உள்முனை, ஸ்பிரிங்கின் கண், ஷேக்கில், இவற்றை வண்டி அந்தரத்தில் இருக்கும்போது இறுக்கக் கூடாது. புஷ்ஷின் நடுக்குழாய் இறுக்கியதும் அப்படியே பிடித்துக்கொள்ளும், பிறகு வண்டியை இறக்கும்போது ரப்பர் முறுக்கிக்கொண்டே நிற்கும், உயரமும் தப்பாகக் காட்டும், ரப்பரும் சீக்கிரம் கிழியும். கையளவு இறுக்கி வைத்து, வண்டி தன் எடையோடு சக்கரத்தில் நின்ற பிறகு கடைசி டார்க் கொடுங்கள்.

ஷாக்கும் பம்ப் ஸ்டாப்பும்

2 அங்குலத்துக்கு மேல் இறக்கினால் பழைய ஷாக்கை வைத்துக்கொள்ளாதீர்கள். பழைய ஷாக் பழைய உயரத்துக்குச் செய்தது, இப்போது அது எப்போதும் பாதிக்கு மேல் அமுங்கியே நிற்கும், பெரிய குழியில் ரப்பர் இடிப்பதற்கு முன்னாலேயே ஷாக் அடியில் முட்டி உள்ளே வால்வு உடையும். குட்டை ஷாக் வாங்குங்கள். டிராப் ஸ்பிண்டில் மட்டும் போட்ட முன்பக்கத்துக்கு இது பொருந்தாது, அங்கே பழைய நீளமே சரி.

பம்ப் ஸ்டாப்பைக் கழற்றி எறிவது தப்பு. குட்டையானதை வாங்கிப் போடுங்கள். சரிபார்க்க ஒரு வழி: பின்பக்கத்தில் ஸ்டாண்ட் சேசிஸில் இருக்க, ஆக்ஸிலை ஜாக்கியால் ஸ்டாப்பைத் தொடும்வரை ஏற்றுங்கள். அந்த நிலையில் ஷாக்கின் தண்டு இன்னும் கொஞ்சம் வெளியே தெரிகிறதா, சைலன்சர் குழாய் எதிலும் முட்டுகிறதா, ஆக்ஸில் சேசிஸைத் தொடுகிறதா, டயர் மட்கார்டில் உரசுகிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். சாலையில் ஒரு பெரிய குழியில் நடக்கப் போவதை வீட்டிலேயே மெதுவாக நடத்திப் பார்க்கிறீர்கள். முன்பக்கத்தில் ஸ்பிரிங் இல்லாத நேரத்தில் ஆர்மை இதே மாதிரி ஏற்றி, ஸ்டியரிங்கை இரண்டு பக்கமும் முழுக்கத் திருப்பிப் பாருங்கள்.

பினியன் கோணம்

வண்டியை இறக்கிய பிறகு 60, 70 கிலோமீட்டர் வேகத்தில் தரையிலிருந்து ஒரு அதிர்வு கிளம்பினால் முதலில் சந்தேகப்பட வேண்டியது பினியன் கோணத்தை, அதாவது பின் ஆக்ஸிலின் நடுவில் முன்னே நீண்டு ஷாஃப்ட்டை ஏற்கிற அச்சின் சாய்வை. ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட்டின் (கியர்பாக்ஸிலிருந்து பின் ஆக்ஸிலுக்குச் சக்தியைக் கொண்டுபோகும் தண்டு) இரண்டு முனையிலும் இருக்கிற கிராஸ் ஜாயிண்டுகள் சமமான, எதிரெதிரான கோணத்தில் இருந்தால் ஒன்றின் ஏற்ற இறக்கத்தை மற்றொன்று அழித்துவிடும். ஒற்றைத் துண்டு ஷாஃப்ட்டில், கியர்பாக்ஸ் வெளிமுனையின் சாய்வும் டிஃப்ரன்ஷியல் பினியனின் சாய்வும் ஒன்றுக்கொன்று இணையாக இருக்க வேண்டும், 1 டிகிரிக்குள் வித்தியாசம் இருந்தால் சரி. ஒவ்வொரு ஜாயிண்டிலும் கோணம் 3 டிகிரிக்குள் இருப்பது நல்லது, சுத்தமாகப் பூஜ்யமாகவும் இருக்கக் கூடாது, ஜாயிண்டின் ஊசி பேரிங் கொஞ்சமாவது உருள வேண்டும்.

பிளாக் போட்டால் ஆக்ஸில் நேராக மேலே போகும், பினியன் சாய்வு பெரும்பாலும் மாறாது. ஷேக்கில் மாற்றினால் ஸ்பிரிங்கின் பின்முனை மட்டும் ஏறுவதால் ஆக்ஸில் முன்பக்கம் சாய்ந்து பினியனின் மூக்கு கீழே பார்க்கும், 2 அங்குலத்துக்கு ஏறக்குறைய 2 டிகிரி. அதைச் சரிசெய்ய ஸ்பிரிங்குக்கும் ஆக்ஸிலுக்கும் நடுவில் வைக்கிற 2, 4, 6 டிகிரி ஆப்புகள் கிடைக்கும். ஸ்பிரிங் ஆக்ஸிலுக்கு மேலே இருக்கிற வண்டியில் மூக்கைத் தூக்க ஆப்பின் தடித்த பக்கம் பின்னால் வர வேண்டும், ஸ்பிரிங் கீழே இருந்தால் முன்னால். வண்டி வேகமெடுக்கும்போது லீஃப் ஸ்பிரிங் முறுக்கிக்கொண்டு மூக்கு தானாகக் கொஞ்சம் ஏறும் என்பதால், நிற்கும்போது ஒரு டிகிரி தாழ்வாக வைத்தால் ஓட்டத்தில் சரியாகிவிடும்.

இன்னொன்றையும் பாருங்கள். ஆக்ஸில் கியர்பாக்ஸின் மட்டத்துக்கு ஏற ஏற இரண்டுக்கும் நடுவில் உள்ள தூரம் குறையும், ஷாஃப்ட்டின் ஸ்லிப் யோக் (உள்ளே வெளியே நழுவும் முன்முனை) கியர்பாக்ஸுக்குள் இன்னும் ஆழமாகப் போகும். ஆக்ஸில் பம்ப் ஸ்டாப்பைத் தொடும் நிலையிலும் யோக் உள்ளே முட்டாமல் ஒரு அங்குலமாவது மிச்சம் இருக்க வேண்டும்.

பிரேக், விளக்கு, அலைன்மென்ட்

பல பிக்கப்களில் பின் ஆக்ஸிலிலிருந்து ஒரு மெல்லிய கம்பி சேசிஸில் உள்ள வால்வுக்குப் போகும். பெட்டியில் பாரம் ஏறி வண்டி தாழ்ந்தால் பின் பிரேக்குக்கு அழுத்தம் கூட்டிக் கொடுப்பதற்கான ஏற்பாடு அது. நீங்கள் வண்டியைத் தாழ்த்தியதும் அந்த வால்வு பாரம் ஏறிவிட்டது என்றே நினைத்துக்கொள்ளும், காலிப் பெட்டியோடு மழையில் பிரேக் அடித்தால் பின்சக்கரம் பூட்டி வண்டி சுழலும். கம்பியின் நீளத்தையோ பிராக்கெட்டையோ இறக்கிய அளவுக்கு ஏற்ப மாற்றிக் கையேட்டில் சொன்ன நிலைக்குக் கொண்டுவாருங்கள். உயிர் போகிற விஷயம் இது, ஆனாலும் இதைப் பற்றிப் பேசுகிறவர்கள் மிகக் குறைவு.

பிரேக் ஹோஸும் கேபிளும் இப்போது தளர்ந்திருக்கும், டயரிலோ சைலன்சரிலோ படாமல் கட்டுங்கள். ஹெட்லைட்டை மறுபடி சரிசெய்யுங்கள், பின்பக்கம் அதிகம் இறங்கியதால் வெளிச்சம் எதிரே வருகிறவர் கண்ணில் அடிக்கும். முன்னால் ரேடாரோ கேமராவோ உள்ள புது வண்டி என்றால் அதையும் பட்டறையில் கொடுத்துச் சரிபார்க்க வேண்டும்.

வீல் அலைன்மென்ட்டைத் தள்ளிப்போடாதீர்கள். ஸ்பிரிங்கோ டார்ஷன் பாரோ மாற்றி இறக்கினால் சக்கரத்தின் மேல்பக்கம் உள்ளே சாயும் (இந்தச் சாய்வுதான் கேம்பர்), டோவும் (சக்கரத்தின் முன்பக்கம் உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருக்கும் அளவு) மாறும், டோ தப்பானால் சீக்கிரமே டயரின் உள்விளிம்பு கம்பி தெரியும்வரை தேய்ந்துவிடும். பின்பக்கம் அதிகம் இறங்கினால் கேஸ்டர் (ஸ்டியரிங் திரும்பும் அச்சு பின்னோக்கிச் சாய்ந்திருக்கும் அளவு) கூடும், 3 மீட்டர் வீல்பேஸ் உள்ள வண்டியில் பின்னால் மட்டும் கூடுதலாக 5 சென்டிமீட்டர் இறங்கினால் சுமார் 1 டிகிரி. வேலை முடித்ததும் டேப்பால் டோவை ஓரளவு சரிசெய்து, மெதுவாக ஓட்டிக்கொண்டு நேராக அலைன்மென்ட்டுக்குப் போங்கள். கேம்பர் எல்லைக்குள் வரவில்லை என்று சொன்னால் அட்ஜஸ்ட் செய்யக்கூடிய மேல் ஆர்மோ கேம்பர் போல்ட்டோ தேவைப்படும்.

முதல் 100 கிலோமீட்டருக்குள் யு போல்ட், சக்கர நட்டு, ஷேக்கில் போல்ட் எல்லாவற்றையும் டார்க் ரிஞ்ச் வைத்து மறுபடி பாருங்கள், 500 ஆனதும் இன்னொரு தடவை. புது ஸ்பிரிங் இதற்குள் கொஞ்சம் உட்கார்ந்திருக்கும், மையத்திலிருந்து மட்கார்டு வரை மறுபடி அளந்து முதலில் எழுதிய எண்களுக்குப் பக்கத்தில் எழுதுங்கள். கால் அங்குலத்துக்கு மேல் இறங்கியிருந்தால் அலைன்மென்ட்டும் இன்னொரு முறை பார்க்க வேண்டும். பம்ப் ஸ்டாப்பில் கொஞ்சம் கிரீஸ் தடவிவிட்டு ஒரு வாரம் வழக்கம்போல் ஓட்டுங்கள், பிறகு குனிந்து பாருங்கள். ஒரு பெரிய குழிக்கு ஒரு தடவை தொட்ட தடம் இருந்தால் பரவாயில்லை. தினமும் இடித்து கிரீஸ் முழுக்க வழித்துவிட்டது போல் இருந்தால், பின்பக்கத்துக்கு உதவி ஏர் பேக் (ஸ்பிரிங்குக்குத் துணையாகப் பாரம் தாங்கும் காற்றுப் பை) சேர்க்கலாம், இல்லையென்றால் ஒரு அங்குலம் குறைந்த பிளாக்குக்கு மாறிவிடுங்கள்.